கரடிப்போக்கில் ஒயில் வாங்கியது

கண்ணாடி அலுமாரிக்குள் பதினொரு வகை.
பொன் ரின், நீல ரின்,
ஒன்றில் குதிரை, ஒன்றில் எரிமலை.
கலைமதி கணக்குக் கொப்பியிலிருந்து நிமிராமல்
"என்ன வாகனம்?" என்றாள்.
டட்சன். நூற்றறுபது. எழுபத்தெட்டாம் ஆண்டு.
மூன்று எஸ் போட்டது, இரட்டைக் கார்பரேட்டர்.
இப்போது நிமிர்ந்தாள்.
"அது இன்னும் ஓடுதா?"

ஓடுது. அதுதான் சிக்கல்.
நின்றுபோனதற்கு எந்த ஒயிலும் காணும்.

விடியற்குளிரில் முள் நெஞ்சு நிமிர்த்தி நிற்கும்.
பூநகரிப் பாதையில் முப்பது நிமிடம்,
இரு பக்கமும் வெயில் வெள்ளையடித்த தரவை,
மூன்றாம் கியரில் ஐயாயிரம் சுற்று,
அப்போதும் முள் அசையாது.
திரும்பி வந்து ரயில் கடவையில்
யாழ்தேவிக்காகக் காத்து நிற்கும்போதுதான்
மெல்லச் சாயத் தொடங்கும்.
நான் அக்சிலேட்டரைத் தொட்டுத் தொட்டு
அதைத் தூங்கவிடாமல் வைத்திருப்பேன்.
பக்கத்து முச்சக்கர வண்டிக்காரன்
நான் றேசுக்குக் கூப்பிடுகிறேன் என்று நினைத்துச் சிரிப்பான்.

இதை எனக்கு விற்றவர் மல்லாவி பெனடிக்ற்.
தடைக்காலத்தில் இது மண்ணெண்ணை குடித்து வளர்ந்தது.
எழுப்ப ஒரு மூடி பெற்றோல்,
எழும்பின பிறகு மண்ணெண்ணை, வெள்ளைப் புகை.
"அஞ்சு வருஷம் ஒரு சொட்டு ஒயில் விடேல்லை, தங்கச்சி.
கம்பியை இழுத்துப் பார்த்தால்
அளவு கூடித்தான் இருக்கும்!"
அவருக்கு அது பெருமை.
எரியாத மண்ணெண்ணை வளையங்களைத் தாண்டி இறங்கி
அடியில் கிடந்த ஒயிலைத் தண்ணீராக்கியது என்று
நான் சொல்லவில்லை.
விலையைக் குறைக்கச் சொன்னேன். குறைத்தார்.

அமலதாஸ் கராஜில் சொன்னது:
"இருபது ஐம்பதை விடுங்கோ. சத்தம் அடங்கும்."
விட்டேன். அடங்கியது.
மூன்று மாதம் பட்டுச்சேலை கட்டினதுபோல ஓடியது.
பிறகு ஒருநாள் மேல்மூடியைக் கழற்றினால்
கேமின் மூன்றாம் முனை
நக்கித் தேய்ந்த கரண்டி.
விடியலில் அந்தத் தடித்த ஒயில்
மேலே ஏறி வந்து சேருமுன்னம்
இரும்பு இரும்பை உரசியிருக்கிறது,
தினமும், கொஞ்சம் கொஞ்சம்.
சூடேறினதும் சத்தத்தை மூடியிருக்கிறது.
புதுக் கேம் கொழும்பிலிருந்து வந்தது. என் ஒரு மாதச் சம்பளம்.

மெலிந்ததை விட்டால்
கடவையில் முள் படுத்துவிடும்.
பொன் ரின்னில் இருப்பது இன்றைய கார்களுக்கானது;
அதில் துத்தநாகத்தைக் குறைத்திருக்கிறார்கள்.
புகைக்குழாயில் வைத்த தேனடை ஒன்றுக்கு அது நஞ்சாம்.
என்னிடம் அந்தத் தேனடை இல்லை.
என்னிடம் இருப்பவை
ஒன்றையொன்று வழித்துக்கொண்டே திரும்பும் எட்டு முனைகள்.
அவற்றுக்கு இடையில்
மயிரிழை அளவு துத்தநாகம் வேண்டும்.

அலுமாரியை விட்டுக் குனிந்தேன்.
நிலத்தில், உரப்பைகளுக்குப் பக்கத்தில்,
தூசி படிந்த ஐந்து லீற்றர் கான்.
பதினைந்து நாற்பது. டீசல் எஞ்சினுக்கு.
பின்பக்கச் சின்ன எழுத்தை
போன் வெளிச்சத்தில் படித்தேன். இருந்தது.

"அது நெல்லு வெட்டுற மெசினுக்கு, அக்கா."
தெரியும்.
"றேஸ் காருக்கு..."
தெரியும் பிள்ளை, பில்லைப் போடு.

அவள் பில்லில் எழுதினாள்:
வாகனம் — வெட்டு மெசின்.

நாலேகால் லீற்றர் பிடித்தது.
மிச்சம் முக்கால், ஆசனத்துக்குப் பின்னால், துணி சுற்றி.
எழுப்பினேன்.
டிக், டிக், டிக்.
சத்தம் போகவில்லை.
கடவையில் முள் பாதியில் நின்று யோசித்தது,
அதற்குக் கீழே போகவில்லை.
ரயில் போனது.

இரவு வண்டிக்கடியில் பிஸ்கட் பெட்டி மட்டை விரித்தேன்.
விடிய டோர்ச்சோடு குனிந்து பார்க்கிறேன்:
ஐந்து ரூபாக் காசளவு
ஒரு சொட்டு.
புதுசா, பழசின் மிச்சமா
என்று விரலால் தொட்டுப் பார்க்கிறேன்.